இருபத்து மூன்றாம் மேசை

வின்னிபெக். பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
உக்ரைன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில்
ஐந்தாவது சுற்று.
நேற்று யாரோ இங்கே வெங்காயம் வதக்கியிருக்கிறார்கள்,
வாசனை என் கம்பளிச் சட்டையில் குடியேறிவிட்டது.

சுவரில் ஒட்டிய பட்டியலில் என் பெயர்
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
திருநாவுக்
என்றளவில் நின்றுவிட்டது.
ஆட்டம் தொடங்கும் முன்பே அரசு வெட்டுப்பட்டாயிற்று.

எதிரே டார்லீன் கோஸ்டியுக்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்,
ஆகவே ஊரிலுள்ள சளியெல்லாம் முதலில் அவருக்குத்தான்.
முதல் மேசையைச் சுற்றி ஆட்கள் மூச்சடக்கி நிற்கிறார்கள்.
எங்கள் பலகையை எட்டிப் பார்ப்பவர்கள்
கழிவறை வரிசையில் இருப்பவர்கள்.

இருந்தாலும் ஆடினோம்.
அவர் சிப்பாய்களைத் தள்ளினார்,
நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, கண்ணாடி பார்த்து.
நான் கோட்டை கட்டினேன்.
ஒரு மந்திரிக்கு ஒரு மந்திரி. ராணிக்கு ராணி.
பலகை காலியாகக் காலியாக
எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது தெரிந்தது.
அதை எப்போது எடுத்தேனோ, ஞாபகமில்லை.

முப்பத்தொன்றாவது நகர்வு.
அவருடைய யானை ஏழாம் வரிசைக்குள் இறங்கியது.
கடிகாரத்தை அமுக்கப் போன கை
பாதி வழியில் தும்மலுக்குத் திரும்பிவிட்டது.
மூக்கைத் துடைத்தார்.
கைக்குட்டையை நான்காக மடித்தார்.
பலகைமேல் கவிழ்ந்தார்.

நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி,
பதினொன்று,
பத்து.
ஓடுவது என்னுடையதல்ல.

இங்கே நகர்வுக்கு முப்பது நொடி கூட்டிக் கொடுக்கும் வழக்கமில்லை.
போனால் போனதுதான்.

சொல்ல வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை.
சொல்லக் கூடாது என்றும் இல்லை.
குதிரையை எங்கே வைப்பது என்பது
பத்தாவது நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.
அதற்குப் பிறகு நான் யோசித்ததெல்லாம் நடிப்பு.
நெற்றியைத் தடவினேன்.
தாடையைக் கையில் தாங்கினேன்.
பல் செய்யும் கூடத்தில் வேலை எனக்கு.
பகல் முழுக்க யார் யாருடைய வாய்க்கோ
பொய்ப் பல் கட்டுகிறேன்,
என் வாய் இவ்வளவு கச்சிதமாக மூடும் என்று நினைத்ததில்லை.

இரண்டு நிமிடம் நாற்பது.

மேலே குழாயில் தண்ணீர் ஓடியது.
யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தவர்
கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு என்னை.
நான் பலகையில் ஒரு வெள்ளைக் கட்டத்தை
அதற்கு முன் பார்த்தேயிராதவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மெதுவாகத்தான் அமுக்கினார்,
தூங்கும் குழந்தையின் பக்கத்தில் விளக்கை அணைப்பதுபோல.

குதிரையை வைத்தேன்.
சரியான கட்டம்தான், இப்போதும் சொல்வேன்.
ஆனால் அதன் பிறகு அவர் யோசிக்கவே இல்லை.
பனிச்சறுக்கலில் பிரேக்கைத் தொடாமல்
நாற்பது பிள்ளைகளோடு பாலம் இறங்கியவருக்கு
இரண்டு நிமிடம் ஏராளம்.
அவர் அடிக்க, நான் விலக,
அவர் செக் வைக்க, நான் ஒதுங்க,
எனக்கு நேரம் இருந்தது, கை இல்லை.
குதிரை போனது.
கூடுதல் சிப்பாய் போனது, வந்த மாதிரியே.
ராஜாவைச் சாய்த்தபோது
அவர் பக்கம் ஒன்பது நொடி மிச்சம்.

கை குலுக்கினோம். அவர் கை சூடாக இருந்தது, காய்ச்சலாக இருக்கலாம்.
காப்பிக் கோப்பையோடு பின் அறையில்
ஆட்டத்தை மறுபடி அடுக்கினோம்.
பத்தொன்பதாவது நகர்வில்
இருவருமே காணாத மேட் ஒன்றைச் சலிப்போடு சுட்டிக் காட்டினான்
பக்கத்து மேசைப் பையன்.
சிரித்தோம்.

முப்பத்தொன்று வந்தது.
"இங்கே ரொம்ப நேரம் எடுத்தீர்களே,
என்ன யோசித்தீர்கள்?" என்றார்.
"குதிரையை எங்கே வைப்பது என்று."
"ம்" என்றார். சர்க்கரை கேட்டார்.

நடுவர் வந்து தாள்களைக் கிழித்து வாங்கினார்.
மேல்தாள் அவர்களுக்கு, கார்பன் படி எனக்கு.
காரை எஞ்சின் சூட்டுக் கம்பியிலிருந்து பிடுங்கிவிட்டு
உள்விளக்கில் பார்த்தேன்.
முப்பத்தொன்றாம் கட்டத்தில், நகர்வுக்கு முன்னால்,
பேனாவால் குத்திக் குத்தி வைத்த புள்ளிகள்.
எண்ணவில்லை.
அடித்தாள் வரைக்கும் அழுந்தியிருந்தன.